சரி செய்யப்பட்டது

அத்தியாயம் பதினேழு

அந்த இரண்டு வார்த்தைகளை எழுதியவள் சின்னுதான். வேறு யார் தலையிலும் அதைக் கட்ட முடியாது.

மூன்று வாரத்துக்கு முன்பு, மாணவர் பேரவையின் செயலாளர் என்ற முறையில், தன் கைப்பட எழுதிக் கையெழுத்தும் போட்டு அறிவிப்புப் பலகையில் ஒட்டினாள்: "வேதியியல் ஆய்வுக்கூடத்தின் புகை விசிறி: சரி செய்யப்பட்டது."

பதினொரு பேர் கருத்துப் படிவத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். ஆசிட் புகை வெளியே போவதில்லை, கண் எரிகிறது, வகுப்பு முடிந்து வந்தால் தலை கனக்கிறது என்று. சின்னு அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள். வேலை முடிந்து வந்த அப்பா வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா, கெமிஸ்ட்ரி லேப் ஃபேன் என்ன ஆச்சு?"

"மாத்தியாச்சும்மா. ஓடுது."

அவ்வளவுதான் பேச்சு. அப்பா அதே கல்லூரியில் இருபத்தாறு வருஷமாக எலெக்ட்ரீஷியன். அவர் ஒரு பல்பு எரியும் என்றால் எரியும். மாடியேறிப் போய் ஒரு தடவை பார்ப்போமே என்று சின்னுவுக்குத் தோன்றவே இல்லை.

பலகையில் காகிதம் ஏறியது. நான்கு நாட்களுக்கு முன்பு, அந்த ஆய்வுக்கூடத்திலேயே இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தி மயங்கி விழுந்தாள். தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அவள் இன்னும் ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருக்கிறாள், அக்கா நர்ஸாக வேலை பார்க்கும் அதே ஆஸ்பத்திரியில்.

வேதியியல் துறைக்குத் தலைவர் யார்? அக்காவுக்கு மாமனாராக வரப்போகிறவர். அவருடைய மகனுக்குத்தான் அக்காவைப் பேசி முடித்திருந்தார்கள். கல்யாணத்துக்கு இன்னும் இரண்டே மாதம்.

இன்று மூன்று மணிக்குப் பேரவையின் பொதுக்கூட்டம். மாணவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவள் செயலாளர்.

காலையில் அப்பா சரியாகச் சாப்பிடவில்லை. தட்டைத் தொட்டும் தொடாமலும் எழுந்தார். பதினொரு மணிக்கு முதல்வர் அறைக்கு வரச்சொல்லி நேற்றே ஆள் வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"என்ன கேப்பாங்க?" என்றாள் அம்மா.

"கேக்கறத கேப்பாங்க."

"நீங்க என்ன சொல்வீங்க?"

அப்பா சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே இருந்தார். எல்லாப் பொத்தானும் போட்டு முடிந்த பிறகும் கை சட்டையை விட்டு வரவில்லை.

"இந்த வீட்டுல வாயத் தொறந்து பதில் சொல்றதுக்குத் தனியா மனு போடணும் போல" என்று அம்மா பாத்திரத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். வழக்கமாக இப்படிச் சொன்னால் அப்பா சிரித்துவிடுவார். இன்று சிரிக்கவில்லை.

சின்னுவின் போன் அடித்தது. அக்கா.

"சின்னு, என் டியூட்டி முடிஞ்சிருச்சு. ஆனா நான் இங்கதான் இருக்கேன். அந்தப் பொண்ணு உன்னப் பாக்கணுமாம். காலேஜ் போறதுக்கு முன்னாடி வந்துட்டுப் போ."

"என்னையா? எதுக்கு?"

"வா. வந்தா தெரியும்."

நான்கு நாட்களாக அவள் போகாமல் இருந்தது அந்த ஆஸ்பத்திரிக்குத்தான். வேலை இருக்கிறது, கூட்டம் இருக்கிறது என்று தனக்குத் தானே சாக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

*

இரண்டாவது மாடி வார்டில் ஜன்னலோரக் கட்டில். மூக்கில் குழாய். பேசும்போது மட்டும் அதைக் கொஞ்சம் விலக்கிக்கொண்டாள் அந்தப் பெண். பக்கத்து முக்காலியில் அவளுடைய அம்மா. தையல்காரி போலிருக்கிறது, கழுத்தில் அளவு நாடா தொங்கியபடியே இருந்தது. போட்டது போட்டபடி ஓடிவந்தவள், நான்கு நாளாகியும் அதை எடுக்க மறந்திருந்தாள்.

"வாங்க அக்கா" என்றாள் அந்தப் பெண். அந்த 'வாங்க' சின்னுவைக் குத்தியது. திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பாள்.

"எப்படி இருக்க?"

"பரவால்ல. இருமல்தான் விடல." மூச்சு வாங்கிக்கொண்டு தொடர்ந்தாள். "இன்னைக்கு மீட்டிங் இருக்குல்ல? அதான் கூப்பிடச் சொன்னேன். ஜன்னல நாந்தான் மூடுனேன். அத நீங்க சொல்லணும். அப்புறம் பசங்க, யாரு மூடுனது, யாரு மூடுனதுன்னு சண்ட போடுவாங்க."

"ஜன்னலா?"

"எப்பவும் தொறந்துதான் வச்சிருப்போம். ஃபேன் வேல செய்யாதுன்னு எங்களுக்குத் தெரியும். அன்னைக்குக் காத்து ஜாஸ்தி, பர்னர் அணைஞ்சு அணைஞ்சு போச்சு. அதான் ஃபேன் சரி பண்ணியாச்சேன்னு நெனச்சு மூடிட்டேன்."

"யாரு சொன்னா சரி பண்ணியாச்சுன்னு?" கேட்டு முடிப்பதற்குள் சின்னு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"நீங்கதானே அக்கா எழுதி ஒட்டியிருந்தீங்க."

வார்டில் யாரோ இருமினார்கள். சின்னுவுக்கு முக்காலியில் இருந்த அம்மாவின் பக்கம் திரும்பத் தைரியம் வரவில்லை.

"ஃபேன் ஓடுதுதான். சத்தம்கூட வருது" என்றாள் அந்தப் பெண். "ஆனா இழுக்கல. ஒரு துண்டுக் காகிதத்த ஃபேனுக்குக் கீழ புடிச்சுப் பாருங்க, தெரிஞ்சுடும். பதினொரு பேர் எழுதிக் கொடுத்தோம் அக்கா. நானும் அதுல ஒருத்தி. பதில் வேணும்னுகூட இல்ல. யாராவது ஒருத்தர் வந்து எங்ககூட ஒரு மணி நேரம் நின்னிருந்தா போதும்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை கோத்துக்கொண்டு வந்திருந்தாள் சின்னு. அதையெல்லாம் விட்டுவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கை சில்லென்றிருந்தது.

"போதும், பேசாத" என்று அக்கா வந்து குழாயைச் சரியாகப் பொருத்தினாள். பிறகு தங்கையை வராந்தாவுக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

இருவரும் சுவரோரமாக நின்றார்கள். அக்காவின் கண்கள் தூக்கமில்லாமல் சிவந்திருந்தன.

"மாமா போன் பண்ணாரு" என்றாள் அக்கா. வருங்கால மாமனாரை அவள் மாமா என்றுதான் சொல்வாள்.

"என்ன சொன்னாரு?"

"உன் தங்கச்சி நல்ல பொண்ணு, யோசிச்சுப் பேசச் சொல்லு, ரெண்டு குடும்பமும் ஒண்ணாகப் போற நேரம் அப்படின்னாரு. நல்ல விதமாத்தான் சொன்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"சரிங்க மாமான்னு சொன்னேன். வேற என்ன சொல்ல?" அக்கா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள். "சின்னு, எனக்கு மாப்பிள்ளையப் புடிச்சிருக்குடி. வீட்டுல பாத்து வச்சதுன்னு மட்டும் இல்ல. நெஜமாவே புடிச்சிருக்கு."

சின்னு அக்காவின் தோளில் கை வைத்தாள்.

"இத உன்கிட்ட சொல்லாம இருக்கணும்னுதான் நெனச்சேன். முடியல. அந்தப் பொண்ணுக்கு நாலு நாளா நான்தான் மருந்து குடுக்கறேன். அதுவும் முடியல." முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "நீ கெளம்பு. நேரமாச்சு."

*

கல்லூரியில் நுழைந்ததும் சின்னு நேராக ஆய்வுக்கூடத்துக்குப் போனாள். சம்பவத்துக்குப் பிறகு வகுப்பு நடக்கவில்லை. பூட்டைத் திறந்துவிட்ட உதவியாளர், "சீக்கிரம் வந்துருங்க" என்று வெளியிலேயே நின்றுகொண்டார்.

சுவரில் கண்ணாடிக் கூண்டு. ஆசிடைச் சூடாக்கும் வேலையெல்லாம் அதற்குள்ளேதான் நடக்கும். கூண்டின் மேலே, புகையை இழுத்துக் குழாய் வழியாக வெளியே தள்ளும் விசிறி. சுவிட்சைப் போட்டாள். புத்தம் புது விசிறி, நல்ல சத்தத்தோடு சுற்றியது. அப்பா பொய் சொல்லவில்லை.

நோட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தைக் கிழித்து விசிறிக்குக் கீழே பிடித்தாள். இழுத்தால் காகிதம் மேலே பறக்க வேண்டும். அது ஆடாமல் அசையாமல் தொங்கியது. இன்னும் கிட்டே பிடித்தாள். தொங்கியது.

கீழே இறங்கிக் கட்டடத்தின் பின்பக்கம் போனாள். குழாய் வெளியே வர வேண்டிய இடத்தில் சுவர் இருந்தது. எட்டு மாதம் முன்பு கட்டிய துறையின் புது ஸ்டோர் ரூம் சுவர். குழாயின் வாயை அப்படியே வைத்துப் பூசியிருந்தார்கள். வட்டமாக ஒரு தடம்கூடத் தெரிந்தது.

மேலே போய் விசிறியைப் போட்டுக் கீழே வந்து பார்க்க, மொத்தம் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. இதைத்தான் அவள் மூன்று வாரமாகச் செய்யாமல் விட்டிருந்தாள்.

பேரவை அறையில் தலைவன் காத்திருந்தான். கூட்டத்தில் மைக்கைப் பிடித்தால் விடமாட்டான் என்பதால் 'மைக்' என்றே அவனுக்குப் பெயராகிவிட்டது. கெட்டவன் இல்லை. எல்லோருக்கும் நல்லவனாக இருக்க ஆசைப்படுகிறவன்.

"பதில் ரெடி. நீ படிச்சா போதும்" என்று ஒரு தாளை நீட்டினான்.

'ஊழியர் ஒருவரின் கவனக்குறைவால் நேர்ந்த இந்தச் சம்பவத்தைப் பேரவை வன்மையாகக் கண்டிக்கிறது' என்று தொடங்கியது.

"உங்க அப்பா பேர் வராது. ஊழியர் ஒருவர்னுதான் போட்டிருக்கேன். உனக்காகத்தான்."

"இது யார் எழுதிக் கொடுத்தது?"

"கெமிஸ்ட்ரி ஹெச்.ஓ.டி. கூப்பிட்டுப் பேசினாரு. அவரு சொன்னத வச்சு நான் எழுதுனேன்."

சின்னு தாளை இரண்டு தரம் படித்தாள். "இதுல நம்ம பேர் எங்க?"

"நம்ம பேரா?"

"பதினொரு பேர் நமக்கு எழுதுனாங்க. நாம என்ன செஞ்சோம்னு இதுல ஒரு வரி இல்லையே."

"நாம என்ன பண்ண முடியும்? நாம என்ன மெக்கானிக்கா?"

"போய்ப் பாக்கறதுக்கு மெக்கானிக்கா இருக்கணுமா?"

மைக் தாளைத் திரும்ப வாங்கி மடித்துப் பையில் வைத்தான். அவனைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம். "நீயே எழுது. ஆனா நான் பக்கத்துலதான் உக்காருவேன். அதுக்கு மேல என்கிட்ட எதிர்பாக்காத" என்றான்.

*

மூன்று மணிக்கு அரங்கில் உட்கார இடமில்லை. சுவரோரமெல்லாம் ஆட்கள். சின்னு நிமிர்ந்து பார்த்தபோது கடைசி வரிசையில் அக்கா தெரிந்தாள். அவள் பக்கத்தில், கழுத்தில் அளவு நாடாவோடு அந்த அம்மா.

சின்னு எழுதி வைத்திருந்த தாளைக் கவிழ்த்து வைத்தாள்.

"லேப் ஃபேன் சரியா இல்லன்னு பதினொரு பேர் எழுதிக் கொடுத்தீங்க. சரி செய்யப்பட்டதுன்னு பலகையில எழுதி ஒட்டுனது நான். ஒட்டறதுக்கு முன்னாடி நான் லேபுக்குப் போகல. இன்னைக்குத்தான் மொதல் தடவ போனேன். விசிறி ஓடுது. ஆனா புகை வெளிய போற குழாய் ஸ்டோர் ரூம் சுவத்துல அடைபட்டிருக்கு. நான் எழுதுனத நம்பித்தான் அன்னைக்கு ஜன்னல மூடியிருக்காங்க. மூடுனவங்க மேல ஒரு தப்பும் இல்ல. நம்புனது தப்பில்ல."



மூன்றாம் வரிசையிலிருந்து ஒருவன் எழுந்தான். "போய்ப் பாக்கல, சரி. அப்ப யாரு சொல்லி எழுதுனீங்க?"

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். மைக் தலை குனிந்துகொண்டான்.

"எங்க அப்பா" என்றாள் சின்னு. "இந்தக் காலேஜ் எலெக்ட்ரீஷியன். வீட்டு வாசல்ல வச்சுக் கேட்டேன். ஓடுதுன்னு சொன்னாரு. ஓடுதான்னு மட்டும்தான் நான் கேட்டேன். அதுக்கு மேல கேக்கல."

சலசலப்பு எழுந்தது. யாரோ, "குடும்பச் சங்கமா இது?" என்று கத்தினார்கள். அது அவளுக்கு உறைத்தது. நியாயமான கேள்விதான் என்பதால் இன்னும் உறைத்தது.

"நான் பதவிய விட்டு விலகிடறேன்" என்றாள்.

"ஏன்?" முன்வரிசையில் ஒரு பெண் சடாரென்று எழுந்தாள். பதினொரு பேரில் அவளும் ஒருத்தி. "நீங்க பாட்டுக்கு விலகிட்டு வீட்டுக்குப் போயிடுவீங்க. நாளைக்கு எங்ககூட லேப்ல வந்து நிக்கறது யாரு? இருந்து செஞ்சுட்டுப் போங்க."

சிலர் கை தட்டினார்கள். சிலர் தட்டவில்லை. சின்னு மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்படின்னா ஒண்ணு முன்வைக்கறேன். இனிமே எந்தப் புகாருக்கும் சரி செய்யப்பட்டதுன்னு நாங்க எழுத மாட்டோம். பேரவையிலேர்ந்து ஒரு ஆள் நேர்ல வரணும். புகார் எழுதுனவங்க பாத்து, சரிதான்னு அவங்களே கையெழுத்துப் போடணும். அதுக்கப்புறம்தான் பலகையில ஏறும். குழாய் தொறக்கற வரைக்கும் அந்த லேப்ல யாரும் கால் வைக்கறதில்ல."

கைகள் உயர ஆரம்பித்தன. அந்த நேரத்தில்தான் பக்கவாட்டுக் கதவு திறந்தது.

அப்பா.

ஊழியர்கள் மாணவர் கூட்டத்துக்குள் வருவதில்லை. அவர் உள்ளே ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றார். கூட்டத்தைப் பார்த்தார். பிறகு கடைசி வரிசையில் அக்காவையும், பக்கத்தில் இருந்த அம்மாளையும் பார்த்தார். யார் என்று யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அந்த முகத்தைப் பார்த்தால் சொல்லவும் வேண்டியதில்லை.

"நான் ரெண்டு நிமிஷம் பேசலாமா?"

மைக் சின்னுவைப் பார்த்தான். சின்னு சபையைப் பார்த்தாள். "பேசட்டும்" என்றது ஒரு குரல்.

"காலையில ஒரு காகிதத்துல கையெழுத்துப் போட்டுட்டு வந்திருக்கேன்" என்றார் அப்பா. "தப்பு என்னோடதுன்னு. போட்டுட்டு என் ரூம்ல போய் உக்காந்தேன். உக்கார முடியல." வெளியே இருந்த காலையும் உள்ளே எடுத்து வைத்தார். "குழாய் அடைபட்டிருக்கறது எனக்குத் தெரியும். விசிறி மாட்டுன அன்னைக்கே தெரியும். என் பொண்ணுகிட்ட ஓடுதுன்னு மட்டும் சொன்னேன். அது பொய் இல்ல. ஆனா நான் உண்மையும் சொல்லல."

வாசலில் அவர் செருப்பைக் கழற்றியபடி குனிந்தே பதில் சொன்னது ஏன் என்று சின்னுவுக்கு இப்போதுதான் புரிந்தது.

"ஏன் சொல்லல?" என்று கேட்டவன் அதே மூன்றாம் வரிசைக்காரன்.

"காலேஜுக்கு அங்கீகாரம் குடுக்கற ஆய்வுக் குழு வர்றாங்க, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் மூணு மாசம் சுவத்த இடிக்க வேணாம், பொறுத்துக்கோன்னாங்க. பொறுத்துக்கிட்டேன். ஆனா உள்ள நின்னு வேல செஞ்சது நான் இல்ல, உங்க பிள்ளைங்க." கடைசி வார்த்தைகளை அவர் மாணவர்களைப் பார்த்துச் சொல்லவில்லை. கடைசி வரிசையைப் பார்த்துச் சொன்னார்.

"யாரு பொறுத்துக்கச் சொன்னது?"

கூட்டக் குறிப்பு எழுத வேண்டியது செயலாளரின் வேலை. சின்னுவின் பேனா தாளின் மேல் நின்றது. பதில் அவளுக்கும் தெரியும், அக்காவுக்கும் தெரியும். அப்பா அக்காவை ஒரு கணம் பார்த்தார். அக்கா கண்ணை எடுக்காமல் அவரையே பார்த்தாள். வேண்டாம் என்று தலையாட்டவில்லை. சரி என்றும் ஆட்டவில்லை.

"துறைத்தலைவர்" என்றார் அப்பா.

சின்னு எழுதினாள். எழுத்து கோணல்மாணலாக விழுந்தது. அடித்துத் திருத்தாமல் அப்படியே விட்டாள்.

தீர்மானம் நிறைவேறியது. எத்தனை கை என்று எண்ணவே வேண்டியிருக்கவில்லை. மைக் முதல் தடவையாக ஒலிபெருக்கி இல்லாமல், "நாளைக்கு முதல்வர் அறைக்கு நான் கொண்டு போறேன். நானே நேர்ல போறேன்" என்றான்.

கூட்டம் மெல்லக் கலைந்தது. அப்பா முன்வரிசை நாற்காலி ஒன்றில் உட்கார்ந்திருந்தார், எழுந்து போகத் தெம்பில்லாதவர் போல. சின்னு அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"என் மேல கோவமா?" என்றார் அப்பா.

"இருக்கு" என்றாள் சின்னு. "ஆனா நான் இன்னொரு கேள்வி கேட்டிருக்கணும்பா."

பின்னால் அக்காவின் போன் அடித்தது. எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவள் முதுகு மட்டும் தெரிந்தது. வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். பேசியது ஓரிரு வார்த்தைதான்.

போனைக் கையில் வைத்தபடியே திரும்பி வந்தாள்.

"யாருக்கா?"

"அவர்தான். விஷயம் அதுக்குள்ள அங்க போயிருக்கு. இங்க வர்றாராம்."

"தனியாவா?"

"அவங்க அப்பாவோட."

"எப்ப?"

"வழியில இருக்காங்க."

அப்பா எழுந்து நின்றார். சட்டையை இழுத்து விட்டுக்கொண்டார். "நீங்க ரெண்டு பேரும் வீட்டுக்குப் போங்கம்மா. நான் பாத்துக்கறேன்."

"நான் போகல" என்றாள் அக்கா. அவள் நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எல்லோரும் போய்விட்டார்கள் என்றுதான் மூவரும் நினைத்திருந்தார்கள். காலையிலிருந்து ஒரு வார்த்தை பேசாத அந்தத் தையல்காரி அம்மா மெதுவாக நடந்து முன்வரிசைக்கு வந்தாள். அப்பாவுக்கு எதிரே நின்றாள். கையெடுத்துக் கும்பிடப் போன அவரைத் தடுத்தாள்.

"அவங்க வரட்டும்" என்றாள். "நானும் இருக்கேன்."

சொல்லிவிட்டு, அவருக்குப் பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.